மஞ்சள் பெட்டி

என் அக்கா வீட்டுக்காரர் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடுபவர். அங்கே அவர் இழுக்கும் கோடு பக்கத்து வீட்டுக்காரன் கிணற்றுக்குள் இறங்கினாலும் கண்டுகொள்ள மாட்டார். வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தால் மட்டும் மயிரிழை பிசகக்கூடாது. சாப்பிட அல்ல. அந்த மேசையில் சாப்பாடு நடந்து நாலு வருஷம் ஆகிறது. ஒரு பழைய இரட்டை இறக்கை விமானத்தின் குட்டி மாதிரி வடிவம் அங்கே குடியிருக்கிறது, நிஜத்தில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு அளவில். அக்காவும் பிள்ளைகளும் கட்டிலில் தட்டு வைத்துச் சாப்பிடுகிறார்கள்.

கடையில் வாங்கிய பாகங்கள் பெட்டியில் வந்த விமானி இருக்கை அத்தானுக்கு ஆகவில்லை. மாத்திரை அட்டையின் வெள்ளித்தாளை வெட்டி இடுப்புப் பட்டை செய்தார். பழைய சார்ஜர் வயரை உரித்து, உள்ளே இருந்த செம்பு இழையில் அதற்குக் கொக்கி. குண்டூசித் தலையைத் தேய்த்து விசைக் கைப்பிடி. அக்கா கூப்பிட்டால் காது கேட்காது, கொக்கி கீழே விழுந்தால் கேட்கும்.

எல்லாம் மாதிரி விமானச் சங்கத்தின் ஆண்டுப் போட்டிக்காக. ஏழு வருஷமாக அவருக்கு இரண்டாம் பரிசுதான். இந்தத் தடவை முதல் பரிசு வாங்கியே தீருவது என்று இருந்தார்.

அந்த விமானம் உலகத்திலேயே ஒன்றுதான் மிச்சம், எங்கள் ஊர் அருங்காட்சியகத்தில். உள்ளே எட்டிப் பார்க்க யாருக்கும் அனுமதி கிடையாது. மேலிருந்து எடுத்த ஒரே ஒரு போட்டோதான் சங்கத்துக்கு வேதம். அதில் இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் பெட்டி. சங்கத் தலைவரான பல் டாக்டர் அது பேட்டரி என்று பன்னிரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். செயலாளர் மருந்துப் பெட்டி என்பார். இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்று பல வருஷம். அத்தான் வம்புக்குப் போகாமல், அரிசி மணி அளவில் அதை மூன்று மாதம் செய்தார், மூடியின் நசுங்கல் உட்பட.

போட்டி அந்த அருங்காட்சியக மண்டபத்திலேயே நடந்தது; அத்தானுக்குத் துணையாக நானும் போயிருந்தேன். நடுவர்கள் வருவதற்கு அரை மணி நேரம் முன்பு, அங்கே தரை துடைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, மாதிரியின் மேல் நாங்கள் பொருத்தியிருந்த உருப்பெருக்கி லென்ஸில் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"அட, என் டிபன் பாக்ஸ்!"

"என்னம்மா சொல்றீங்க?" என்றார் அத்தான்.

"இங்க இருக்கிற விமானத்துல சீட்டைத் துடைக்க நான்தான் உள்ள இறங்குவேன். அன்னைக்குப் போட்டோக்காரர் அவசரப்படுத்தினாரு, பாக்ஸை எடுக்க மறந்துட்டேன். நசுங்கல்கூட அப்படியே இருக்கே சார்!"

அத்தான் முகத்தில் ஈயாடவில்லை.

"வாயே திறக்காதீங்க அத்தான். தலைவருக்கு அது பேட்டரி. பேட்டரியாவே இருந்துட்டுப் போகட்டும்" என்றேன்.

"விமானத்துல இல்லாதது மாப்ளே அது."

"அப்போ பரிசு?"

அத்தான் பிளேடு நுனியால் பெட்டியைப் பெயர்த்தார். பெயர்த்த இடத்தில் வண்ணம் தொட்டு வைத்தார்.

தலைவரும் செயலாளரும்தான் நடுவர்கள். தலைவர் வாய் பார்க்கும் குட்டிக் கண்ணாடியோடும் டார்ச்சோடும் வந்தார். பட்டையைப் பார்த்தார், கொக்கியைப் பார்த்தார். "பிரமாதம்!" என்றார். பிறகு, "பேட்டரி எங்கே?"

அத்தான் விஷயத்தைச் சொல்லி அந்த அம்மாவையும் சாட்சிக்குக் கூப்பிட்டார். தலைவர் அந்த அம்மா கையிலிருந்த துடைப்பானைப் பார்த்தார்.

"இருபது வருஷமா நாங்க இதை ஆராய்ச்சி பண்றோம்மா. கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

மருந்துப் பெட்டிச் செயலாளரும் ஆமாம் போட்டார். பேட்டரியோ மருந்தோ, பெட்டி இல்லாதது குற்றம் என்பதில் இருவரும் ஒன்றாகிவிட்டார்கள். நாலு மதிப்பெண் போனது. இந்த முறை இரண்டாம் பரிசுகூட இல்லை.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "பிடிவாதத்துக்கு ஒரு அளவு வேணாமா?" என்று கத்தினேன். அத்தான் கண் கலங்கியிருந்தது. விமானத்தைப் பெட்டிக்குள் வைக்கப் போனார்.

"கொஞ்சம் இருங்க சார்" என்று அந்த அம்மா மறுபடி குனிந்து லென்ஸில் பார்த்தார். அந்த மண்டபத்தில் நிஜ விமானத்துக்குள் இறங்கியவர் அவர் ஒருவர்தான்.

"இப்ப சரியா இருக்கு" என்றார். "நான் துடைச்சு முடிச்சதும் இப்படித்தான் இருக்கும்."