கடைசி ஆள் கரையேறும் வரை

மலேசியாவில், ஜெராமிலிருந்து சுங்கை செம்பிலாங் போகும் வழியில் வெளியூர்க்காரர்கள் கூடும் ஒரு கடற்கரை இருக்கிறது. அதன் வாசலில் நிற்கும் அறிவிப்புப் பலகையில் தமிழ்ப் பகுதியை எழுதியவன் நான். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற மறு வருடம், அந்த இடத்தைப் பராமரிக்கும் குழுவினர் மலாய் மொழியில் எழுதிய விதிகளோடு வீட்டுக்கு வந்தார்கள். மணலில் கார் ஓட்டக்கூடாது, நெருப்பு மூட்டக்கூடாது, குப்பை போட்டால் அபராதம், சிவப்புக் கொடி ஏறியிருந்தால் கடலில் இறங்கக்கூடாது, சேற்றில் நட்டிருக்கும் கம்புகளைத் தாண்டக்கூடாது, அஸ்தி கரைப்பவர்கள் ஜெட்டி எனப்படும் படகுத்துறையைத்தான் பயன்படுத்த வேண்டும். இப்படிப் பத்து. எட்டாவது விதி, கூட்டமாக வந்தவர்கள் தங்களில் கடைசி ஆள் கரையேறும் வரை கடலைப் பார்த்தபடி நிற்க வேண்டும் என்றது.

அது காரணத்தோடு போட்ட விதி. எங்கள் கரை சேற்றுக் கரை. நீர் வற்றும்போது கடல் வெகுதூரம் போய்விடும், சேறு மட்டும் வெயிலில் பளபளக்கும். திரும்பி வரும்போது அலையாக வராது. சேற்றுக்குள் ஓடும் வாய்க்கால்களை முதலில் நிரப்பி, நடந்து போனவனுக்கும் கரைக்கும் நடுவில் ஓசையில்லாமல் ஏறும்.

அந்த எட்டாவது வரியை நான் தமிழில் எழுதவில்லை.

சாம்பலைக் கரைக்கிறவன் கடலுக்கு முதுகு காட்டி நின்று, தோளில் இருக்கும் பானையைப் பின்னால் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கரையேற வேண்டும். வழியனுப்ப வந்தவர்களும் அப்படித்தான். பார்த்தால் போகிற உயிர் போகாமல் நின்றுவிடும் என்பது எங்கள் வழக்கம். கடலைப் பார்த்து நில்லுங்கள் என்று பலகையில் போட்டால் நம் ஆட்கள் மனம் புண்படும் என்று நினைத்தேன். ஜெட்டியில் நின்று கரைப்பவர்களுக்கு அது எதற்கு என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நம்மில் பாதிப் பேர் ஜெட்டிக்குப் போவதில்லை என்பது தெரிந்தே சொல்லிக்கொண்டேன். குழுவில் யாருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது. தமிழில் ஒன்பது விதிகளோடு பலகை ஏறியது.

மூன்று வருடங்களுக்கு முன் என் மனைவி இறந்தாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எனக்கு மிச்சமிருந்தது என் தம்பி ஒருவன்தான். ஞாயிறு தவறாமல் புக்கிட் ரோத்தானிலிருந்து மோட்டார் சைக்கிளில் தமிழ்ப் பத்திரிகையோடு வருவான். வாங்கி வந்த பத்திரிகையை எனக்கு முன்னால் அவனே வாசித்து முடித்துவிடுவான்.

எரித்த மறுநாள் காலை அஸ்தியோடு கடற்கரைக்குப் போனோம். கொஞ்சம் தாமதமாகிவிட்டது. காவலுக்கு இருந்த மலாய்க்காரர் என்னைத் தெரிந்தவர். “சிக்கு, இன்னும் அரை மணியில் தண்ணீர் ஏறும். ஜெட்டிக்குப் போங்கள்” என்று மலாயில் சொன்னார். அந்தப் பக்கத்தில் ஆசிரியரைச் சிக்கு என்றுதான் கூப்பிடுவார்கள்.

“பலகை எழுதியதே நான்தான். எனக்குத் தெரியாதா?” என்றேன்.

என் மைத்துனர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பலகையை ஒருமுறை பார்த்தார். “அதான் நல்லாவே எழுதி வச்சிருக்கீங்களே மச்சான், ஜெட்டின்னு. ஊருக்குத்தான் சட்டமா?”

“ஜெட்டியிலருந்து விட்டா குப்பையக் கொட்டுற மாதிரி இருக்கும். அவள அப்படி அனுப்ப முடியாது.”

“விடுங்க மச்சான்” என்றான் தம்பி. “வாத்தியார் சொன்னா சொன்னதுதான். வேணும்னா முட்டி போட வச்சிருவாரு.” அன்று நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான். அவனுக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. பூத்தட்டை நான் வேறு யாரிடமாவது கொடுத்திருக்கலாம். அவனிடம்தான் கொடுத்தேன்.

இரண்டு பேரும் கம்புகளைத் தாண்டிப் போனோம். கணுக்காலுக்கு மேல் நீர் வந்ததும் நான் கரையைப் பார்த்துத் திரும்பி நின்று பானையை விட்டேன். அது விழுந்த ஓசை மெதுவாகத்தான் கேட்டது. பூவை மிதக்கவிட்டுப் பின்னால் வரவேண்டியது தம்பியின் வேலை. நான் நடக்கத் தொடங்கினேன். கரையில் நின்றவர்கள் எல்லாரும் அதற்குள் முதுகைத் திருப்பிக் கார்களை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

“அண்ணே” என்று கேட்டது.

நான் நடந்தேன். ஏதோ சொல்ல வருகிறான், கரையில் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

“அண்ணே, காலு வரலண்ணே!”

இதற்கு எந்தச் சாக்கும் இல்லை. தெளிவாகக் கேட்டது. எனக்கு முன்னால் ஒரு ஆள்கூட என்னைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. நான் திரும்பியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. முப்பது வருடம் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்தவன், திரும்பினால் அவள் போகாமல் நின்றுவிடுவாள் என்று பயந்தேன். காவலாளி பார்த்துக்கொள்வார் என்றும் நினைத்தேன். இரண்டும் உண்மை. நடந்துகொண்டே இருந்தேன். வரும் வழியில் ஒரு வாய்க்காலைத் தாண்டினேன். போகும்போது வற்றிக் கிடந்ததில் இப்போது இடுப்பளவு நீர். அதற்குப் பிறகும் நடந்தேன்.

காவலாளி விசில் ஊதியபடி ஓடினார். அந்தப் பக்கம் கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டிருந்த மூன்று பேர், சேற்றில் வழுக்கிப் போவதற்கு வைத்திருக்கும் பலகைகளில் ஒற்றைக் காலை மடித்துக்கொண்டு, மற்றக் காலால் உந்திப் போனார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது நீர் அவன் கழுத்தில் இருந்தது. நான் கரையேறிய பிறகுதான் திரும்பினேன்.

சேற்று நீர் நுரையீரலுக்குள் போயிருந்தது. பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

“ஏன்யா, ஒரு வார்த்த கூப்பிட்டிருக்கக் கூடாதா?” என்றார் மைத்துனர்.

“எங்க மச்சான் கூப்பிடுறது? வாயத் தொறந்தா ஜெராம் கடல் முழுக்க உள்ள போயிருக்கும்” என்றான் தம்பி. எல்லாரும் சிரித்தார்கள். கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்த நானும் சிரித்தேன்.

பிறகு அவன் மகள் ராவாங்கில் இருக்கும் தன் வீட்டுக்கு அவனைக் கூட்டிப் போனாள். முழங்கால் பழையபடி மடங்கவில்லை, மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டான். முதல் திவசத்துக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினான். இரண்டாவது திவசத்துக்கும் அதையேதான் சொன்னான். ஞாயிற்றுக்கிழமைகளில் வாசல் கதவைத் திறந்து வைப்பதை நான் எப்போது நிறுத்தினேன் என்று நினைவில்லை.

இடையில் குழுவினரிடம் போய் எட்டாவது வரியைத் தமிழில் சேர்க்கச் சொன்னேன். எப்படி இல்லாமல் போனது என்று கேட்டார்கள். விடுபட்டுவிட்டது என்றேன். நான் விட்டுவிட்டேன் என்று சொல்லவில்லை.

இந்த வருடம் திவசத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது பஸ் ஏறி ராவாங் போனேன்.

“என்னண்ணே திடீர்னு? போன் போட்டிருந்தா மக பஸ் ஸ்டாப்புக்கு வந்திருக்கும் லா” என்றான். கால் நீட்டி உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தான். நான் உட்காரவில்லை.

“அன்னைக்கு நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சுடா.”

அவன் சத்தத்தைக் குறைத்தான். “தெரியும்.”

“ரெண்டு தடவையும் கேட்டுச்சு.”

“மூணு தடவ கூப்பிட்டேன். ரெண்டாவது தடவ உன் கழுத்து பாதி திரும்புச்சு. நான் கையத் தூக்கினேன். அப்புறம் நேரா வச்சுக்கிட்டுப் போயிட்ட.”

என் கழுத்து திரும்பியது எனக்கே தெரியாது. “பின்ன ஏன் எல்லார்கிட்டயும் கூப்பிடலன்னு சொன்ன?”

“அண்ணி போய் ஒரு நாளுதான் ஆச்சு. உன்ன எல்லாரும் ஏசுவாங்க. அதான்.” நீட்டியிருந்த காலைக் கையால் நகர்த்தி வைத்தான். “நானா இருந்தா திரும்பியிருப்பேண்ணே. அண்ணி ஒன்னும் கோச்சிக்கிட்டிருக்க மாட்டாங்க.”

“திவசத்துக்கு வர்றியா?”

“இந்த வருசம் வேணாம்.”

“அடுத்த வருசம்?”

“அடுத்த வருசத்த அடுத்த வருசம் பாப்போம்.”

மகள் கொண்டுவந்த தேநீரைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

திவசத்துக்கு முதல் நாள் மைத்துனர் போன் செய்தார். “உங்க தம்பி இந்தத் தடவையும் வரலையா? இன்னும் உடம்புக்கு முடியலையா?”

“உடம்பு நல்லாத்தான் இருக்கு” என்றேன். அன்றைக்கு அவன் கூப்பிட்டதையும், கேட்டும் நான் திரும்பாததையும் சொன்னேன். “அப்படியா” என்றார். அதோடு போனை வைத்துவிட்டார்.

அவரும் வரவில்லை. நானே சமைத்து, அவள் படத்துக்கு முன்னால் படைத்துவிட்டு, அந்த இலையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன்.