அடைக்கலம் தளர்த்திய நட்டு

திருமயத்தை அடுத்த ஊரில் குமரப்பன் செட்டியார் வீட்டுக் காரைப் பதினோரு வருஷம் ஓட்டியவர் அடைக்கலம். ஓட்டுவதோடு பழுது பார்ப்பதும் அவர்தான். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எந்தப் பிளக் அடைத்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். புதுக்கோட்டை பஸ் ஷெட்டில் தலைமை மெக்கானிக்காக இருந்தவரைச் செட்டியாரே நேரில் போய்க் கேட்டு அழைத்து வந்தார். அந்தப் பெருமை அடைக்கலத்துக்கு நிறைய இருந்தது.

1959இல் செட்டியார் மலேயாவிலிருந்து கப்பலில் ஓர் அமெரிக்கக் கார் கொண்டுவந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒரு குமிழைத் திருகினால் உள்ளே மார்கழி வந்துவிடும். மூன்றாவது கோடையில் அந்தக் குளிர் நின்றுபோனது. அடைக்கலம் பெல்ட்டை மாற்றினார், விசிறியைத் துடைத்தார், ஒயர்களையெல்லாம் பார்த்தார். வெக்கைக் காற்றுதான் வந்தது.

"இதுக்குன்னு படிச்சவன் ஒருத்தன் மதுரையில இருக்கானாம். சினிமாக் கொட்டகை ஏசியெல்லாம் அவன்தான் பாக்குறானாம். பேரு நாகராசு" என்றார் செட்டியார்.

பஸ் ஷெட்டில் அடைக்கலத்துக்குக் கீழே மூன்று வருஷம் வேலை பார்த்தவன் நாகராசு. கார்புரேட்டரைக் கழற்றினால் திரும்ப மாட்டத் தெரியாமல் முழிப்பான்.

வந்தவன் பழைய மரியாதையோடு, "அண்ணே, நல்லாருக்கீங்களா?" என்றான். சட்டையில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. எஞ்சினை ஓடவிட்டு, குழாயோடு சேர்ந்திருந்த பொத்தான் அளவுக் கண்ணாடியைக் காட்டினான்.

"பாருங்கய்யா, உள்ள நுரை ஓடுது. குளிர வைக்கிற வாயு கொறஞ்சுருக்குன்னு அர்த்தம்."

செட்டியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். பதினோரு வருஷத்தில் அடைக்கலம் திறந்த பானெட்டுக்குள் அவர் ஒருநாளும் குனிந்ததில்லை.

நாகராசு சின்ன விளக்கு ஒன்றைக் கொளுத்தி, அதிலிருந்து நீண்ட ரப்பர் குழாயின் நுனியை ஒவ்வொரு இணைப்பிலும் காட்டிக்கொண்டே போனான். ஓரிடத்தில் சுடர் பச்சையாக மாறியது. அங்கே கசிவு. வாஷரை மாற்றினான், உள்ளேயிருந்த காற்றைப் பம்பால் உறிஞ்சி எடுத்தான். இரண்டு முள் மீட்டர்களை மாட்டி, சிலிண்டரை வெந்நீர் வாளியில் நிறுத்தி, வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினான். கண்ணாடியில் நுரை அடங்கியது. காருக்குள் ஏறி உட்கார்ந்த செட்டியார் மனைவி ஆச்சி, "அடி ஆத்தி, பல்லு கிட்டுதே!" என்று சிரித்தார்கள். நாகராசுக்கு வெள்ளி டம்ளரில் காப்பி வந்தது. அடைக்கலத்துக்கு வழக்கமான பித்தளை டம்ளர்.

அன்று ராத்திரி வீட்டில் அடைக்கலம் தட்டைத் தள்ளிவைத்தார். "அவன் வேலை கத்துக்கிட்டு வந்துருக்கான். ஒங்களுக்கு என்ன கொறஞ்சு போச்சு?" என்றாள் மனைவி செவந்தி. எல்லாம் குறைந்துபோனதாகத்தான் அவருக்குத் தோன்றியது.

நாலாம் நாள் மதியம், வீடே உறங்கும் நேரம், கார் ஷெட்டுக்குள் போய் ஸ்பானரை எடுத்து ஒரு குழாயின் நட்டைக் கால் சுற்றுத் தளர்த்தினார். சீறிக்கொண்டு வெள்ளைப் புகை பாய்ந்து அவருடைய இரண்டு விரல்களை அடித்தது. உறையவைக்கும் குளிர், தீப்பட்டது போல் எரிந்தது. பதறிப்போய் நட்டைத் திரும்ப முறுக்கினார், முழுக்க இல்லை. விரல்கள் மெழுகு மாதிரி வெளுத்துக் கிடந்தன.

திருச்சிக்குப் போகும் வழியில் கார் வெக்கையானது. "நாகராசு பாத்த வேலை இவ்வளவுதானா?" என்று ஆச்சி சலித்துக்கொண்டபோது, விரல் வலியையும் மீறி அடைக்கலத்துக்கு உள்ளே இனித்தது.

நாகராசு மறுபடி வந்தான். சுடர் அந்த நட்டில் பச்சையானது. நட்டின் மேல் ஸ்பானர் புதிதாகக் கீறிய தடம் இருந்தது. அவன் அடைக்கலத்தின் கைக்கட்டைப் பார்த்தான்.

"என்னண்ணே கையில?"

"ரேடியேட்டர் வெந்நி தெறிச்சுருச்சு."

"வெந்நி பட்டா செவக்கும்ணே. கட்டுக்கு வெளிய தெரியிற தோலு வெளுத்துல்ல கெடக்கு." குரலைத் தாழ்த்தினான். "கண்ணுல பட்டுருந்தா என்ன ஆயிருக்கும்?"

செட்டியார் வந்து என்ன கோளாறு என்று கேட்டார். "ரோடு மோசம்யா, குலுங்குனதுல நட்டு தளந்துருச்சு" என்று சொல்லிவிட்டு நாகராசு வாயுவை ஏற்றிக் கொடுத்துப் போய்விட்டான்.

அவன் காட்டிக்கொடுத்திருந்தால்கூட அடைக்கலம் தாங்கியிருப்பார். தொழிலில் மேலே போனவன் குணத்திலும் மேலே போய்விட்டானே என்பதுதான் அவரை அரித்தது. அவன் போட்ட பிச்சையில் இந்த வீட்டுச் சோற்றைத் தின்பதாக நினைத்தார். பத்து நாள் பொறுத்துப் பார்த்தார். பதினோராம் நாள் செட்டியார் முன் போய் நின்றார்.

"மொதலாளி, அந்த நட்டைத் தளத்துனது நாந்தான்."

செட்டியார், "அது நாகராசுக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியுங்க."

"அப்ப ரெண்டு பேருமா சேந்துல்ல எங்கிட்ட மறைச்சுருக்கீங்க. சாவியை வச்சுட்டுப் போப்பா. இனி அவனும் இங்கிட்டு வர வேணாம்."

நாகராசும் வரக்கூடாது என்று கேட்ட அந்த நிமிஷம் அடைக்கலத்துக்குள் ஒரு சந்தோஷம் குதித்தது. தன்னைக் காப்பாற்றியவன் கெட்டதற்குத் தன் மனம் குதிப்பதை அவரே பார்த்தார். தெருவில் இறங்கி நடந்தபோது வேலை போனதைவிட அதுதான் அவரைப் பயமுறுத்தியது. வீட்டுக்கு வந்து செவந்தியிடம் அதையும் மறைக்காமல் சொன்னார். அவள் கைக்கட்டை அவிழ்த்து, தேங்காய் எண்ணெய் தடவி, வேறு துணி சுற்றினாள். "நாகராசுக்கு ஒரு கடுதாசி போடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

கடுதாசி போடவில்லை. கோட்டைப்பட்டினத்திலிருந்து மீன் ஏற்றும் லாரியில் வேலை கிடைத்தது. எட்டு வருஷம் ஓட்டினார். நாகராசு மதுரையில் இரண்டு கொட்டகைகளின் ஏசி வேலையை ஒப்பந்தமாக எடுத்திருக்கிறான் என்று ஒருநாள் டீக்கடையில் யாரோ சொன்னார்கள். "நல்ல வேலைக்காரன்" என்றார் அடைக்கலம். அவன் தன்னைக் காட்டிக்கொடுக்காததை மட்டும் அவர் சொல்லவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு லாரியில் ஏறினார்.