அரைஞாண் கயிறும் ஸ்கேன் ரூமும்

ஸ்கேன் சென்டர் வேலையில் மெஷினைச் சமாளிப்பது சுலபம், அதில் படுக்க வேண்டிய ஆம்பளைகளைச் சமாளிப்பதற்குள்தான் நாக்குத் தள்ளிவிடும். லேபிலும் கவுண்டரிலும் உட்கார்ந்து தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துகிற என் இனத்தாரே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. திருவண்ணாமலையில் எம்.ஆர்.ஐ. எடுக்கிற டெக்னீஷியன் நான். அதிலும் பெண். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அதுவே முதல் அதிர்ச்சி.

இடுப்பு வலி

ரிட்டயர்டு ஆபீசர் ஒருவர் மனைவியோடு வந்தார். சீட்டில் டாக்டர் தெளிவாக எழுதியிருந்தார்: ரத்தத்தில் பி.எஸ்.ஏ. அளவு ஜாஸ்தி, புராஸ்டேட்டுக்கு ஸ்கேன் எடுக்கவும். ஆண்களுக்கு மூத்திரப் பைக்குக் கீழே இருக்கிற சுரப்பி அது; அதில் கோளாறு என்றால் ரத்தத்தில் பி.எஸ்.ஏ. ஏறும். "யூரின் போறதுல சிரமம் இருக்கா சார்?" என்றேன். என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தார். மனைவியைத் தண்ணீர் பாட்டில் வாங்க அனுப்பினார். அந்த அம்மா வாசலைத் தாண்டினாரா என்று எட்டிப் பார்த்தார்.

திருடிவிட்டு வந்தவரா இவர்? வயதானால் எந்த ஆணுக்கும் வரக்கூடிய தொல்லை. அதைக் கட்டிய மனைவியிடம் சொல்ல என்ன வெட்கம்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரோ ஜன்னலில் குனிந்து கிசுகிசுத்தார்: "இடுப்பு வலிக்கு எடுக்கறோம்னு சொல்லிடும்மா, வீட்ல அப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன்."

மெஷினுக்கு வைத்த பரீட்சை

இன்னொருவர், ஆசிரமத்துப் பக்கம் ரூம் வாடகைக்கு விடுகிறவர். ரத்த ரிப்போர்ட் எங்கே என்று கேட்டால் எடுக்கவே இல்லை என்று சாதித்தார். அது இல்லாமல் எங்கள் டாக்டர் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு என்ன முடிவு சொல்வார்? சாதாரண வீக்கத்துக்கும் கிருமித் தொற்றுக்கும்கூட பி.எஸ்.ஏ. ஏறும். படத்தில் தெரிகிற நிழல் எல்லாமும் புற்றுநோய் ஆகிவிடாது. ரத்தம் புகை வருகிறது என்று சொல்லும், ஸ்கேன் எந்த மூலையில் என்று காட்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் சதை எடுத்துச் சோதிக்கலாமா வேண்டாமா என்று தீர்மானிப்பார்கள்.

இத்தனையும் சொல்லி முடித்த பிறகு, சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ரிப்போர்ட்டை எடுத்தார். ஜோசியரிடம் ஜாதகத்தை மட்டும் நீட்டிவிட்டு வாயைத் திறக்காமல் உட்காருவோமே, அந்தப் புத்தி. கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொன்னார்: "நாம சொல்லாமயே மெஷின் கரெக்டா கண்டுபுடிக்குதான்னு பாக்கலாம்னுதான் வச்சிருந்தேன்."

சாவுக்கு அறுக்கிற கயிறு

என்னை அதிகம் கொதிக்க வைத்தவர் கீழ்பென்னாத்தூர் ஏழுமலை. வேர்க்கடலை விவசாயி, நல்ல திடகாத்திரம். பி.எஸ்.ஏ. ரொம்ப ஜாஸ்தி. ஸ்கேனுக்கு முன் உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது. அவர் இடுப்பிலோ அரைஞாண் கயிறு, அதில் விரல் தடிமனில் ஒரு தாயத்து. உள்ளே தகடு என்னவோ, யார் கண்டது? கழற்றச் சொன்னேன். மறுத்தார். காந்தம் எப்படி இழுக்கும் என்று சொன்னேன், டாக்டரை விட்டும் சொல்லவைத்தேன். வேட்டியை இறுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

உள்ளே இருப்பது புற்றுநோயா என்றே தெரியாமல் ஒரு மனுஷன் நடந்து போகிறான், கையைப் பிடித்து நிறுத்த எனக்கு வழியில்லை. போகும்போது அவர் சொன்னதுதான் காதிலேயே நின்றது: "அர்ணாகயிறு அறுக்கறது பொணத்துக்குத்தாம்மா. நான் இன்னும் சாவல."

முடிச்சு

பொங்கலுக்கு முன் போனவர் ஆடியில் வந்தார். வந்தார் என்ன, மனைவி இழுத்து வந்தார். ஸ்கேனெல்லாம் எடுத்தாச்சு, ஒன்றுமில்லை என்று வீட்டில் அளந்துவிட்டிருக்கிறார். மறுபடி எடுத்த ரத்தத்தில் அளவு இன்னும் ஏறியிருக்க, டாக்டர் அந்த அம்மா முன்னாலேயே கத்திவிட்டார்.

அந்த அம்மா, கோயில் கடையில் வாங்கிய வெறும் கறுப்புக் கயிற்றை மடியிலிருந்து எடுத்தார். வெயிட்டிங் ஹாலில் அத்தனை பேர் பார்க்க, அதைப் புருஷன் இடுப்பில் கட்டி முடிச்சுப் போட்டார். அதற்குப் பிறகுதான் பழையதை உருவித் தாயத்தோடு முந்தானையில் முடிந்துகொண்டார். புதுசு கட்டிவிட்டால் பழையதை எடுப்பதில் தோஷமில்லையாம். ஏழுமலை தலை நிமிரவில்லை. "உசுரோட இருக்கும்போதே நான்தான்யா அவுத்தேன். போய்ப் படு" என்றார் அந்த அம்மா.

ஊரிலிருந்து இன்னொருவர்

படத்தில் கட்டி தெரிந்தது. சதை எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய்தான். சுரப்பியைத் தாண்டவில்லை, வைத்தியத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்றார் டாக்டர். அதைக் கேட்டு அழுகை வந்தது எனக்கு. கூடவே அந்த வீணான மாதங்களை நினைத்துக் கோபமும் வந்தது.

வைத்தியத்துக்குப் பிறகு ரத்தப் பரிசோதனைக்கு வந்த ஏழுமலை, தன் வயதுள்ள பக்கத்து நிலத்துக்காரரைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவருக்கும் பி.எஸ்.ஏ. ஜாஸ்தியாம். ஏழுமலை முகத்தில் அப்படி ஒரு பெருமை: "இவனுக்கும் ஸ்கேன் பாரும்மா. ரத்த ரிப்போர்ட் இதோ இருக்குது. கயித்த இவன் பொண்டாட்டிய வுட்டு ஊட்லயே மாத்தி இட்டுனு வந்துட்டேன்."

எங்கள் மெஷினின் காந்தம் எத்தனை பெரியதாக இருந்தென்ன, ஆம்பளைகளை அதனிடம் இழுத்து வர இன்னும் வீட்டுக்காரிதான் வேண்டியிருக்கிறது.