பறக்கும் கதிரைக்குக் கட்டிய நூல்

எனக்கு ராட்டினங்களில் ஏறப் பிடிக்கும். எங்கள் ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். கோயிலுக்குப் போகப் பிடிக்கும், படம் பார்க்கப் பிடிக்கும் என்றெல்லாம் சொல்லலாம். தொழில்நுட்பக் கல்லூரியில் இயந்திரவியல் டிப்ளோமா முடித்து, நெளுக்குளத்தில் உழவு இயந்திரங்கள் பழுது பார்க்கும் வேலைத்தலத்தில் சம்பளம் எடுக்கும் ஒரு பெண், கார்னிவல் எப்போது வருகிறது என்று விசாரித்துக்கொண்டு திரிவதைச் சொல்லக் கூடாது. அம்மா இதை யாருக்கும் சொல்வதில்லை. கலியாணம் பேச வருகிறவர்களிடம் எனக்குத் தையல் தெரியும் என்கிறா. எனக்குத் தையல் தெரியாது.

மூன்று கொப்பிகள் வைத்திருக்கிறேன். ஏறிய ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். ஊர், கோயில் திருவிழாவா நத்தார் பண்டிகையா, எத்தனை இருக்கை, எத்தனை சுற்று, மோட்டரா டீசல் எஞ்சினா, எந்த இடத்திலிருந்து சத்தம் வருகிறது, எந்த இருக்கை நல்லது. முகநூலில் இதற்காக ஒரு சிறிய பக்கமும் வைத்திருந்தேன். வாசித்தவர்களில் பாதிப் பேர் வெளிநாட்டில் இருந்தார்கள். பிள்ளைகளோடு ஊருக்கு வரும்போது எங்கே கூட்டிக்கொண்டு போகலாம் என்று கேட்பார்கள். நான் ஒளிக்காமல் சொல்வேன்.

ஆடும் கப்பலில் நடு வரிசையில் இருப்பது வீண். கடைசி வரிசையில் இருந்தால்தான், கப்பல் உச்சிக்குப் போய் ஒரு கணம் நிற்கும்போது வயிறு வேறு, ஆள் வேறாக நிற்கலாம். பெரிய ராட்டினத்தில் நல்ல இருக்கை என்று ஒன்றில்லை, நல்ல நேரம்தான் உண்டு. கீழே ஆட்களை ஏற்ற நிறுத்தும்போது நீங்கள் உச்சியில் இருக்க வேண்டும். பேய் வீட்டில் மூன்று வருடங்களாக ஒரே பேய்தான். போன வருடம் அதன் கை ஒன்று கழன்றுவிட்டது. கழன்ற பிறகு கொஞ்சம் பரவாயில்லை. மோட்டார் சைக்கிள் ஓடுகிற மரணக் கிணற்றை நான் ராட்டினக் கணக்கில் சேர்ப்பதில்லை. இன்னொருவன் உயிரோடு விளையாடுவதைக் குனிந்து பார்ப்பதற்கு எனக்கு ரிக்கெற் வேண்டாம். நத்தாருக்கு வவுனியாவில் நுரை தெளிக்கிற பனி மனிதன் நிற்பான். உள்ளே நிற்கும் ஆளுக்கு வியர்த்து, அந்த உடுப்பின் கழுத்துப் பக்கம் நனைந்திருக்கும். பிள்ளைகள் அதைப் பார்ப்பதில்லை. நான் பார்ப்பேன்.

கார்னிவலில் ஒரு நடைமுறை உண்டு. எந்தப் பலகையிலும் அது எழுதியிருக்காது. தனியாக வரும் பெண்ணை ஏற்ற மாட்டார்கள். சோடி வேண்டும். பாரம் சமநிலையாக இருக்க வேண்டும் என்பார்கள். அது பொய். தனியாக வரும் ஆண்களை ஏற்றுகிறார்கள், அப்போது பாரம் தானே சரிவந்துவிடுகிறது. அக்கா வீட்டில் இருந்தவரை அவள்தான் என் சோடி. ஏறிய நேரம் முதல் இறங்கும்வரை கண்ணை மூடிக்கொண்டு என் கையைப் பிறாண்டுவாள். பிறகு அவள் கலியாணம் முடித்து நான்கு வீடு தள்ளிப் போனாள். அவளுடைய மகள் வளர்ந்து எனக்குச் சோடியானாள். இப்போது அவளுக்கு எட்டு வயது. கண்ணை மூடுவதில்லை.

எங்கள் ஊர் நெடுங்கேணிக்கு உள்ளே, காட்டுக் கரையில் இருக்கிறது. கோயிலில் கொடியேறிப் பத்து நாள் திருவிழா. அந்தப் பத்து நாளும் பக்கத்து வெளியில் கார்னிவல் போடுவார்கள். அந்த வருடம் கொடியேற்றத்துக்கு ஒரு கிழமை முன்னரே ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு தெரு ஒழுங்கையெல்லாம் சொல்லிக்கொண்டு போனார்கள். வன்னியில் முதல் தடவையாகப் பறக்கும் கதிரை. அக்கா மகள் அன்றே எனக்குப் போன் எடுத்தாள்.

"சித்தி, பறக்கும் கதிரை வருதாம். நீங்கள் வெள்ளிக்கிழமை வருவியள்தானே?"

"ஓம், வருவன்."

"நான் வேற ஆரோடும் ஏற மாட்டன். நீங்கள் வராட்டி நான் ஏறாமலே இருந்திடுவன்."

நானும் பறக்கும் கதிரையைப் படத்தில் மட்டுமே பார்த்திருந்தேன். உயரமான தூண். அதன் உச்சியில் குடை போல ஒரு வளையம். வளையத்தைச் சுற்றிச் சங்கிலிகளில் கதிரைகள். தூண் சுழலச் சுழலக் கதிரைகள் வெளியே விரிந்து மேலே எழும்பும். கொப்பியில் அதற்கென்று ஒரு பக்கம் விட்டு, மேலே பெயரை மட்டும் எழுதி வைத்துப் பல வருடங்கள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் பஸ்ஸால் இறங்கி, வீட்டுக்குப் போகாமல் நேரே வெளிக்குப் போனேன். ரிக்கெற் கொடுக்க இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. கதிரைகள் அசையாமல் தொங்கின. இருபத்து நான்கு. பிளாஸ்டிக் கதிரை அல்ல, இரும்பில் செய்து புதிதாகச் சிவப்பு அடித்திருந்தார்கள். கிறீஸ் மணமும் பெயின்ற் மணமும் கலந்து வந்தன. நான் சந்தோஷமாக இருந்தேன். இதை எழுதி வைக்க வேண்டும், ஏனென்றால் இதற்குப் பிறகு எழுதப்போவதில் அது இல்லை.

பழக்க தோஷத்தில் மேலே பார்த்தேன். ஒவ்வொரு கதிரையின் சங்கிலியும் வளையத்தில் ஒரு இரும்புப் பின்னில் தொங்குகிறது. பின்னின் முனையில் சிறிய துளை. துளையில் ஒரு கிளிப் கொழுவியிருக்க வேண்டும். கலப்பையை உழவு இயந்திரத்தோடு பூட்டுகிற பின்னிலும் அதே கிளிப்தான். பாரத்தைத் தாங்குவது பின். அதிர்வில் அந்தப் பின் கொஞ்சம் கொஞ்சமாக நழுவி வெளியே வராமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் கிளிப்பின் வேலை. பதினேழு பின்களில் கிளிப் இருந்தது. ஏழு பின்களில் துளைக்குள் மஞ்சள் நூல் கோத்து, மஞ்சள் கிழங்குத் துண்டு கட்டியிருந்தது.

போனில் பெரிதாக்கிப் படம் எடுத்துப் பார்த்தேன். நூல்தான்.

கார்னிவல் முதலாளி வவுனியாப் பக்கத்தில் குடியேறிய மலையகக் குடும்பத்து மனிதர். நல்ல மனிதர், இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். வருடா வருடம் என்னைக் கண்டு பழக்கம். பிளாஸ்டிக் கதிரை ஒன்றை இழுத்துப் போட்டு, "வாங்க தங்கச்சி, உங்களத்தான் நெனச்சேன். புது ராட்டினத்தப் பத்தி நல்லா நாலு வரி எழுதுங்க" என்றார்.

"அண்ணை, ஏழு கதிரைக்குக் கிளிப் இல்லை."

"எல்லாம் இருந்துச்சே."

"நூல் கட்டியிருக்கு."

அவருக்கு உடனே விளங்கியது. விளங்கியதால் வந்த நிம்மதியோடு சொன்னார். கொடியேறிய அன்று ராட்டினத்துக்கும் பூசை போட்டு, ஒவ்வொரு கதிரைக்கும் காப்புக் கட்டச் சொன்னாராம். வேலைக்கு நிற்கும் பெடியள் கதிரையின் கைப்பிடியில் கட்டப் போனார்கள். ஆட்கள் செருப்புக் காலோடு இருக்கிற இடம், கால் படும், மேலே கட்டுங்கள் என்று இவர்தான் சொன்னார். மேலே கட்டுவதற்குத் தோதான துளை அதுதான். சிலர் கிளிப்புக்குப் பக்கத்தில் சுற்றிக் கட்டினார்கள். சிலர் கிளிப்பைக் கழற்றிவிட்டுக் கோத்தார்கள். கழற்றியது மணலில் எங்கோ.

"அதுக்கென்ன, நான் நெடுங்கேணிச் சந்தியில கிளிப் வாங்கியாறன். பத்து நிமிசத்தில போடலாம். நூலை அவிட்டுப் பக்கத்தில கட்டுங்கோ."

"காப்ப அவுக்கக் கூடாதும்மா. கொடி எறங்கட்டும், அப்புறம் பாக்கலாம்."

"துளைக்குள்ள ரெண்டும் போகாது அண்ணை."

"மூணு நாளா ஓடுது. எத்தன பேரு ஏறி எறங்கியாச்சு."

நான் கடைக்குப் போய் ஏழு கிளிப் வாங்கிக்கொண்டு வந்தேன். ஏணியும் அங்கேயே கிடந்தது. நானே ஏறிப் போடுகிறேன் என்றேன். அப்போது அவருடைய முகம் மாறியது.

"பூசை போட்ட எடம் தங்கச்சி. பொம்பளப் புள்ள மேல ஏறி நூல அறுத்தா நாளைக்கு எனக்கு எது நடந்தாலும் அதத்தான் சொல்லுவாங்க. என் பசங்களும் ஏற மாட்டானுங்க. நீங்க படிச்சவங்க, நான் மறுக்கல. ஆனா ஏழு நாள் பொறுங்க."

"அப்ப அந்த ஏழு கதிரையிலயும் ஆக்களை இருத்தாதேங்கோ."

"வெறுங்கதிர சுத்துனா பாரம் ஒரு பக்கம் இழுக்கும். அது ஒங்களுக்கே தெரியும்."

எனக்குத் தெரியும். அன்று அவர் சொன்னதில் அது மட்டும் சரியான தொழில்நுட்பம்.

படத்தை என் பக்கத்தில் போட்டேன். யாரையும் திட்டவில்லை. ஏழு கதிரைகளின் இலக்கங்களையும் எழுதி, கிளிப் போடும்வரை இவற்றில் பிள்ளைகளை ஏற்ற வேண்டாம், மற்றவை நன்றாக இருக்கின்றன, கிளிப் என்னிடம் இருக்கிறது என்று எழுதினேன். ஆறு வரி. பிறகு அக்கா வீட்டுக்குப் போனேன். மகள் தலை இழுத்து இரட்டைப் பின்னல் பின்னி, சப்பாத்துப் போட்டு, படியில் இருந்தாள். நாளைக்கு ஏறலாம் என்றேன்.

அந்த ஆறு வரியை யாரும் முழுதாக வாசிக்கவில்லை. ஊரை விட்டுப் போய் இருபது வருடமான ஒருவர், கோயில் சபை நித்திரையா என்று கேட்டார். அதன் கீழே இன்னும் நூறு பேர் கேட்டார்கள். சபைக்காரருக்குத் திருவிழாவுக்குக் காசு வருவது அந்த நூறு பேரிடமிருந்துதான். சனிக்கிழமை மத்தியானம் அவர்கள் வெளிக்குப் போய் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். எல்லாவற்றையும் என்றால் பெரிய ராட்டினம், கப்பல், குழந்தைகள் சுற்றுகிற குதிரை, கை கழன்ற பேய், எல்லாம். ஏழு கிளிப்பைப் போடச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை. நான் போய்ச் சொன்னேன். சபைத் தலைவர் என்னைப் பார்த்து, "பிள்ளை, நீ ஏற்கெனவே செய்ததே காணும், போ" என்றார்.

லொறிகள் வெளியேறும்போது தேருக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. ஒழுங்கையில் பிள்ளைகள் வரிசையாக நின்று பார்த்தார்கள். நானும் நின்றேன். முதலாளி முன் இருக்கையில் இருந்தபடி என்னைக் கண்டு தலையசைத்துவிட்டுப் போனார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மற்றவர்கள் திட்டினார்கள். கிணற்றடியில், கடையில், பஸ்ஸில். கதையில் கிளிப் வெகு சீக்கிரம் காணாமல் போய்விட்டது. காப்பு நூலை அறுக்கச் சொன்ன பெட்டை என்பதுதான் மிஞ்சியது. கடலைக்காரி ஒருத்தி கெட்டுப்போன தன் மிச்ச நாள் வியாபாரத்துக்காக அம்மாவிடம் வந்து முறையிட்டாள். அம்மா அவளுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டு என்னிடம் கேட்டா.

"உனக்கு அதில ஏற விருப்பம்தானே? பேசாமல் ஏறிப்போட்டு வந்திருக்கலாமே?"

"விழுந்திருந்தா?"

"விழேல்லைத்தானே."

நடக்காத ஒன்றை நான் தடுத்தேனா, நடக்கவே நடக்காத ஒன்றுக்காக ஊரின் திருவிழாவைக் கெடுத்தேனா என்பதை அளக்க என்னிடம் ஒரு கருவியும் இல்லை. முகநூல் பக்கத்தை மூடினேன்.

அடுத்த மாதம் அதே கார்னிவலைக் கனகராயன்குளத்தில் போட்டார்கள். வேலை முடிந்து ஏ ஒன்பது பாதையில் பஸ் எடுத்துத் தனியே போனேன். வேலைப் பையின் அடியில் அந்த ஏழு கிளிப்புகளும் அப்படியே கிடந்தன. பறக்கும் கதிரைக்குத்தான் நீளமான வரிசை. வேலியோரம் நின்று மேலே பார்த்தேன். நூல் வெளிறியிருந்தது. புதிதாக இன்னும் இரண்டு. ஒன்பது.

முதலாளி என்னைக் கண்டுவிட்டார். "வாங்க தங்கச்சி. ஏறுறீங்களா? சோடி வேணாம், நீங்க தனியா ஏறலாம்" என்றார். கேலியா அன்பா என்று எனக்குத் தெரியவில்லை. இவ்வளவு வருடமும் கிடைக்காத அனுமதி அது. கிளிப்புகளை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவற்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இந்த ஊரு சபைக்கும் காட்டுனீங்களா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். திருப்பி என் கையில் வைத்தார்.

நான் ஏறவில்லை. ஒரு தாய் சின்னப் பிள்ளையை நூல் கட்டிய கதிரையில் இருத்தினா. "அம்மா, அது வேண்டாம், பக்கத்துக் கதிரையில இருத்துங்கோ" என்றேன். அவா என்னை ஒரு மாதிரிப் பார்த்தா. ஆனாலும் மாற்றினா. அந்தக் கதிரையில் வேறொரு பிள்ளை ஓடி வந்து ஏறியது. எஞ்சினை இயக்கினார்கள்.

அது நல்ல ராட்டினம். தொடக்கம் மெதுவாக, இரண்டாவது சுற்றில் கால்கள் வெளியே போகின்றன, நான்காவது சுற்றில் கதிரைகள் ஆட்களின் தலைக்கு மேலே. பிள்ளைகள் முன்னால் போகும் கதிரையைப் பிடிக்கக் கையை நீட்டினார்கள். சங்கிலிகளின் சத்தம் ஒரே சீராக இருந்தது. நான் ஒன்பது பின்களையும் மாறி மாறிப் பார்த்தேன். எதற்காகப் பார்க்கிறேன் என்பது ஆறாவது சுற்றில்தான் எனக்கு விளங்கியது. ஒன்று நழுவ வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். முழுதாக அல்ல. யாருக்கும் அடிபடாமல், எல்லோரும் காணும்படி, அரைவாசி நழுவினால் போதும்.

ராட்டினம் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். எண்ணினேன், இருபத்து நான்கு. எனக்கு நிம்மதி வரவில்லை. வந்தது எதுவென்று எனக்குத் தெரியும். அதன் பெயரை எழுதாமல் விடுகிறேன்.

அந்தச் சனிக்கிழமை ஊருக்குப் போனபோது அக்கா மகள் கேட்டாள்.

"சித்தி, கனகராயன்குளம் போனியளாம். ஆரும் விழுந்ததோ?"

"இல்லை."

"அப்ப ஏன் எங்கட ஊரில மட்டும் நிப்பாட்டினது?"

கொப்பியில் படம் கீறி, பின் எங்கே, துளை எங்கே, அதிர்வு என்றால் என்ன, நழுவ எவ்வளவு நாள் எடுக்கலாம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கடைசிவரை கேட்டாள். பிறகு படத்திலிருந்த கதிரைகளில் இரண்டில் தலையும் காலும் வைத்து இரண்டு பேரைக் கீறினாள். ஒருவருக்கு நீளத் தலைமயிர், மற்றவருக்கு இரட்டைப் பின்னல்.

"இதுக்குக் கிளிப் போட்டாச்சோ?" என்று கேட்டாள்.

போட்டாச்சு என்றேன்.