பி எழுத்தில் எழுதிய மனு

என்னிடம் இருந்தது இங்கிலீஷ் அகராதியில் ஓர் எழுத்து மட்டும்தான். தருமபுரிச் சந்தையில் பழைய காகிதத்தில் புளி மடித்து விற்றுக்கொண்டிருந்த கடைக்காரர், மடித்தது போக மிஞ்சியதை என் கையில் கொடுத்தார். பி எழுத்தின் பக்கங்கள் ஏறக்குறைய முழுசாக இருந்தன. மூன்றாம் பாரம், அதாவது எட்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டோடு இருந்தவன் நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். மாடு ஓட்டிக்கொண்டு போகும்போதும் அந்தத் தாள்களை இடுப்பில் செருகிக்கொள்வேன்.

பெல்யூசிட் என்றால் அடி தெரியும்படி தெளிந்தது. ப்ளூவியல், மழையைச் சேர்ந்தது. பெரென்னியல், ஆண்டு முழுதும் வற்றாதது. பொட்டபிள், குடிக்கத் தகுந்தது. உச்சரிப்பைச் சரிபார்க்க ஆளில்லை, நானாக வைத்துக்கொண்டதுதான். எங்கள் ஊரில் இல்லாதவற்றுக்கே அந்த எழுத்தில் அதிகப் பெயர்கள் இருப்பதாகத் தோன்றும்.

யுத்த காலம். இரண்டு வருஷமாக மழை இல்லை. ஊர்க்கிணற்றின் அடியில் பாறை தட்டிவிட்டது. வெடி வைத்து உடைத்தால் ஊற்று கிடைக்கும் என்றார்கள் கிணறு வெட்டுகிறவர்கள். ஆனால் சர்க்கார் அனுமதி இல்லாமல் வெடிமருந்து வாங்க முடியாது. ஆறு மாதக் கர்ப்பிணியான என் அண்ணி தினம் இரண்டு நடை, இரண்டு மைல் தள்ளி ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் சுமந்தாள். சித்திரைக்குள் கிணறு சரியாகாவிட்டால் வீட்டைப் பூட்டிக்கொண்டு கோலார் தங்கவயலுக்குப் போவதாக அண்ணன் சொல்லிவிட்டார்.

முந்தின வருஷம் தமிழில் கொடுத்த மனுவுக்குப் பதில் இல்லை. அதனால் ஊர்க்கவுண்டர் என்னைக் கூப்பிட்டார்.

"தமிழ்ல எழுதுனா தூக்கிப் போட்டுடறானுங்க. நீ இங்கிலீசுல எழுது. கனமா இருக்கணும். படிக்கறவன் எந்திரிச்சு நின்னுதான் படிக்கணும்."

அந்தத் தாள்களிலிருந்து கனமான சொற்களாகப் பொறுக்கி மூன்று நாள் எழுதினேன். மாரியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியிருக்க வாசித்துக் காட்டினேன். ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. அதுவே அவர்களுக்குத் திருப்தியாக இருந்தது.

"இன்னும் ரெண்டு வார்த்தை போடு தம்பி, தாள்ல எடம் கெடக்குதல்ல?" என்றார் கவுண்டர்.

அண்ணி மட்டும் கேட்டாள். "கெணறுன்னு இதுல எங்கீங்க வருது?"

"அதெல்லாம் உள்ள இருக்குது அண்ணி."

"உள்ள இருக்கறது அவங்களுக்குத் தெரியுமுங்களா?"

"உனுக்கு என்ன தெரியும், பேசாம இரு புள்ளே" என்று அண்ணன் அதட்டினார். எனக்கும் கோபம்தான். மூன்றாம் பக்கத்தின் நடுவில் கிணறு என்ற சொல் ஒரே ஒரு தடவை வந்திருந்தது. இன்னொரு தடவை எழுதியிருக்கலாம். மூன்று நாள் உழைப்பைக் கலைக்க மனம் வரவில்லை.

மனு போய்ப் பதினைந்து நாளில் ஒரு ஏட்டும் இரண்டு போலீசும் வந்தார்கள். அந்த மாதங்களில் சுதந்திரப் போராட்டக்காரர்கள் அங்கங்கே தண்டவாளம் பெயர்த்ததாகவும் தந்திக் கம்பி அறுத்ததாகவும் பேச்சு இருந்தது. எங்கள் ஊருக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் ஒரு கரட்டுமேடுதான்.

"எவன் இதை எழுதுனது?"

"நானுங்க."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்லீங்க. அகராதி பார்த்து நானே எழுதுனதுங்க."

ஏட்டு தாளை என் முகத்துக்கு நேரே ஆட்டினார். "தாலுகா ஆபீசுல நாலு பேரு உக்காந்து படிச்சும் வெளங்கலை. வெடிமருந்து வேணும்ங்கறது மட்டும் நல்லா வெளங்குது. மிச்சத்தை எதுக்குடா மறைச்சு எழுதியிருக்கே?"

மறைக்கவில்லை, மரியாதைக்காக எழுதினேன் என்றேன். கன்னத்தில் அறை விழுந்தது. கவுண்டர் அவரைக் கிணற்றடிக்கு அழைத்துப்போய்ப் பாறையைக் காட்டினார். ஏட்டு எட்டிப் பார்த்தார். வெறும் பாறை என்று அவருக்கே தெரிந்தது. "நான் என்ன பண்றது? மேல எழுதிப் போட்டாச்சு" என்றார். என்னை இரண்டு நாள் ஸ்டேஷனில் வைத்திருந்துவிட்டு அனுப்பினார்கள். எங்கள் ஊருக்கு வெடிமருந்து கிடையாது என்று உத்தரவு வந்தது.

அண்ணன் உளியும் சம்மட்டியுமாகத் தனியாக இறங்கிப் பாறையைக் கொத்தினார். ஒரு மாதத்தில் ஒரு சாண் இறங்கியது. ஈரம்கூடத் தட்டவில்லை. ஆற்றிலிருந்து ஏறும் மேட்டில் ஒருநாள் அண்ணிக்கு வலி கண்டது. குழந்தை தங்கவில்லை. அடுத்த வாரமே இருவரும் கோலாருக்கு ரயில் ஏறினார்கள். பெட்டியில் உட்கார்ந்த பிறகும் அண்ணி என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

அதன்பிறகு தமிழில், நான்கே வரியில், இன்னொரு மனு எழுதித் தாலுகா ஆபீசுக்கு நானே கொண்டுபோனேன். வாசலில் நின்ற சேவகர் வாங்கி, மேலே இருந்த ஊர்ப் பெயரைப் பார்த்தார்.

"இந்த ஊரா? இதைப் பிரிக்கவே மாட்டாங்க. வூட்டுக்குப் போங்க தம்பி."

கையைக் கட்டிக்கொண்டு சாயங்காலம் வரை அங்கேயே நின்றேன். ஆபீசைப் பூட்டும்போது அதே தாளை மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொடுத்தார்.