சண்டைக்காரியின் தைரியம்

ஆரணி நூலகத்தில் மதிய வேளைகளில் அந்த அம்மாவைப் பார்ப்பேன். பட்டு நூலுக்குச் சாயம் போடுபவர். நகங்களில் கருஞ்சிவப்பு ஊறியிருக்கும். புத்தகத்தில் கறை படக்கூடாதென்று சுண்டுவிரல் நுனியால்தான் தாளைப் புரட்டுவார்.

அன்று வெளியே மழை. தூரத்துத் தறிச்சத்தம் தாலாட்டுப் போல் கேட்க, எனக்குக் கண் சொருகியது. நான் முன்பே படித்திருந்த ஒரு நாவலை அவர் முடித்து மூடினார்.

"ஹீரோ வெள்ளத்துல குதிக்கிற இடம் நல்லா இருந்துச்சாம்மா?" என்று கேட்டேன்.

"அத வுடுங்க. கதையில பக்கத்து வீட்டு சண்டைக்காரி ஒருத்தி, எல்லாரையும் திட்டிகினே இருப்பாளே, அவ கொலையப் பாத்தேன்னு கோர்ட்டுல சாட்சி சொன்னா. மறுநாளே தெருக்குழாய்ல, கொன்னவன் வீட்டாளுங்க நடுவுல, குடத்தோட போய் நின்னா. அதுதாங்க தைரியம்."

எனக்கு அவளைப் பிடித்ததே இல்லை. அவள் வரும் பக்கங்களை வேகமாகத் தாண்டியிருந்தேன்.

"நீங்களா இருந்தா சொல்லியிருப்பீங்களா?" என்றேன், விளையாட்டாக.

"எங்க தெருவுல ஒரு கொல நடந்தப்போ நான் சொல்லலீங்க. போலீசு கேட்டதுக்கு எதையும் பாக்கலன்னுட்டேன். அப்புறம் வேற தெருவுக்குக் குடி போயிட்டோம்."

யாரென்றே தெரியாத என்னிடம், என் முகத்தைப் பார்த்தே அதைச் சொன்னார். மழை விட்டதும் கிளம்பிவிட்டார். இத்தனை நாளான பிறகும், அவரைக் கோழை என்று நினைக்க என்னால் முடியவில்லை.