வடித்த கஞ்சியும் ஐம்பத்து நான்கு படிகளும்

எங்கள் வீடு மூன்றாவது மாடி. திருவொற்றியூரில் குடிசை மாற்று வாரியம் கட்டிக் கொடுத்த வீடு, லிஃப்ட் கிடையாது. ஒரு மாடிக்குப் பதினெட்டுப் படி, மொத்தம் ஐம்பத்து நான்கு. இரண்டு முழங்காலும் கெட்டுப்போன பிறகு ஒவ்வொரு படியும் எனக்குத் தனித்தனியாகப் பழக்கம். இருபத்தோராவது படியின் முனை உடைந்திருக்கும். முப்பதாவது படியில் யாராவது செருப்பை விட்டு வைத்திருப்பார்கள். போன வருஷம் முழுக்க நான் கீழே இறங்கியது பத்துத் தடவை இருந்தால் அதிகம். அதிலும் பாதி ஆஸ்பத்திரிக்கு.

ஆஸ்பத்திரியில் மூட்டு டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, ஆபரேஷன் பண்ணிவிடலாம், ஆனால் முதலில் எட்டுக் கிலோ குறைத்துவிட்டு வாருங்கள் என்றார். எப்படிக் குறைப்பது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பின்னால் அத்தனை பேர் சீட்டை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் ஒண்ணுக்குப் போகணும் என்று டீச்சரிடம் கேட்கக் கூச்சப்பட்டு மணி அடிக்கிறவரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தினபோது அந்த ஒரு கஷ்டம் விட்டது என்றுதான் இருந்தது. டாக்டரம்மாவிடமும் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

நான் கேட்காத கேள்விக்கு என் மகன் பதில் வைத்திருந்தான். அவன் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறான். துறைமுகத்து கேட்டுக்குள் போக எண்ணூர் ரோட்டில் மணிக்கணக்காக வரிசையில் நிற்கிற வண்டிகளில் அவன் வண்டியும் ஒன்று. நிற்கிற நேரமெல்லாம் போன்தான் பார்ப்பான். அந்தப் போனில்தான் இந்த லோ கார்ப் டயட் அவனுக்குக் கிடைத்தது.

"சோறு, இட்லி, சப்பாத்தி, கேவுரு, கெழங்கு, சக்கர, ஒண்ணும் ஆவாதுமா. முட்ட, மீனு, கறி, பன்னீரு, கீர. வயிறு ரொம்பத் துன்னு. எட்டு இன்னா, பதினஞ்சே கொறையும்."

இதைச் சொல்கிறவன் யார்? இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி இருந்து நாலே மாசத்தில் பன்னிரண்டு கிலோ இளைத்தவன். பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை, தெருவே அவனை நிறுத்தி விசாரித்தது. அடுத்த தீபாவளிக்குள் அந்தப் பன்னிரண்டும் திரும்பி வந்தது, வரும்போது துணைக்கு இரண்டு கிலோவையும் கூட்டிக்கொண்டு வந்தது.

"அப்போ ஏன்டா நைனா திரும்ப ஏறிச்சு?" என்று கேட்டேன்.

"அது டயட்டு மேல தப்பு இல்லமா. நான் வுட்டுட்டேன்."

"ஏன் வுட்ட?"

"லைன்ல நிக்க சொல்லோ எவன்மா முட்ட அவிச்சுத் தருவான்? பரோட்டாதான் கீது."

விட்டுவிடத்தான் முடியும் என்கிற மாதிரி ஒரு டயட்டை வைத்துவிட்டு, விட்டவன் மேல் தப்பு என்றால் என்ன நியாயம்? இதை நான் அவனிடம் சொல்லவில்லை. என் பேச்சில் பாதி மனசுக்குள்ளேயே நடந்து முடிந்துவிடும். "சரிடா" என்றுதான் வெளியே சொன்னேன். எனக்குக் கீழே இறங்க வேண்டும், யார் கையையும் பிடிக்காமல் இறங்கி, தெருமுனையில் உள்ள அம்மன் கோயில்வரை போய் வரவேண்டும். அதற்காக எதையும் தின்னத் தயார் என்று நினைத்தேன். "நானும் உன்கூட இருக்கேன்மா, ரெண்டு பேரும் சேந்தே கொறைப்போம்" என்று வேறு சொன்னான்.

பொங்கல் கழிந்து ஆரம்பித்தோம். காலையில் நெய்யில் பொரித்த முட்டை. மத்தியானம் கீரை, மீன். மருமகள் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்க்கிறாள். விடியற்காலையில் எழுந்து தனக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு சமையல், எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு சமையல் என்று செய்துவிட்டு ஓடுவாள். பிள்ளைகளுக்குச் சோறு வடிக்கிற வேலை மட்டும் என்னுடையது. மற்றவர்களுக்குச் சோறு வடித்துக் கொட்டிவிட்டு நான் காலிஃபிளவரைத் துருவித் தின்றேன். அதுவும் சோறுதான் என்றார்கள். கண்ணை மூடிக்கொண்டு தின்னலாம், மூக்கை என்ன செய்வது? மீன் குழம்பு வைக்கிற நாளில்தான் அதிகக் கொடுமை. கடலுக்குப் போகிற வீட்டில் பிறந்து, கடலுக்குப் போகிறவருக்கு வாழ்க்கைப்பட்டவள் நான். குழம்பைச் சோற்றில் ஊற்றாமல் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. மீனைத் தின்றுவிட்டு, குழம்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆனாலும் பொய் சொல்லக்கூடாது, முதல் மாசத்தில் நாலு கிலோ குறைந்தது. அடுத்த மாசம் இன்னொன்று. மாடி ஏறும்போது நாலு இடத்தில் உட்கார்கிறவள் இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன்.

சோறு தின்னாமல் இருப்பதுகூடப் பழகிவிடும் போலிருந்தது. வேண்டாம் என்று சொல்வதுதான் பழகவில்லை. கீழ்வீட்டுக்காரி படிக்கட்டு அடியில் இட்லிக் கடை போட்டிருக்கிறாள். என் முழங்கால் கெட்டதிலிருந்து தினமும் எனக்கு இரண்டு இட்லி கொடுத்தனுப்புவாள். ஒருநாள் திருப்பி அனுப்பினேன். அடுத்த நிமிஷம் கீழேயிருந்து குரல் வந்தது, மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரி.

"யக்கா! இட்லி திரும்பி வந்துக்கீதே, இன்னா விசயம்? என் மாவு புளிச்சுப்போச்சா?"

"அதில்லமா... டாக்டரு..."

"டாக்டரா? என் இட்லியத் துன்னாதன்னு சொன்ன டாக்டரு யாருக்கா? பேரச் சொல்லு, நான் போய்க் கேட்டுக்கறேன்!"

எல்லா வீட்டுக் கதவும் திறந்தது. நான் உள்ளே போய்விட்டேன். நோன்பு மாசம் வந்தபோது எதிர்வீட்டு பாய் வீட்டம்மா தினமும் சாயங்காலம் ஒரு சொம்பு நோன்புக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார். அவரே நாள் பூரா பட்டினி இருந்துவிட்டுக் கொண்டுவருகிறார், அதை எப்படி வேண்டாம் என்பது? வாங்கி மருமகளிடம் கொடுத்தேன். சொம்பு காலியாகத் திரும்பினதைப் பார்த்து, எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது என்று நினைத்து மறுநாளிலிருந்து பெரிய சொம்பில் கொடுத்தார்.

மூன்றாவது மாசம் எடை நின்றுவிட்டது. நாலாவது மாசம் ஒரு கிலோ ஏறியது. மகன் எடைமிஷினைக் கழுவித் துடைத்துத் திரும்ப என்னை ஏறச் சொன்னான். அதே எடைதான்.

"யம்மா, உண்மயச் சொல்லு. சோறு துன்றியா?"

"ஒரு பருக்க தொடலடா. அம்மன் மேல ஆணை."

"பின்ன எப்டிமா ஏறும்? காத்தா குடிச்சு ஏறுது?"

 மறுநாள் மருமகள் வேலைக்குப் போன பிறகு பார்த்தால், சோற்றுக் குண்டான் மூடியின்மேல் அம்மிக் குழவி உட்கார்ந்திருந்தது. எழுபது வயசில், என் வீட்டில், நானே வடித்த சோற்றுக்குக் காவல்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் குழவியைத் தூக்கி ஜன்னல் வழியாகப் போட்டிருப்பேன், கீழே இட்லிக்காரி இருப்பாளே என்று விட்டேன். இதில் இன்னொரு கூத்து, மகன் சட்டையைத் துவைக்கிறவளும் நான்தான். ஒருநாள் விட்டு ஒருநாள் அதில் சால்னா வாசனை. அதையும் முழுங்கிக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகள் தன் யூனிஃபார்ம் புடவைக்குக் கஞ்சி போட உட்கார்ந்தாள். எப்போதும் கடையில் விற்கிற புட்டிக் கஞ்சிதான் போடுவாள், அன்றைக்கு அது தீர்ந்துபோயிருந்தது.

"அத்தே, சோறு வடிச்ச கஞ்சி எங்க? கீழ ஊத்திட்டீங்களா?"

"குடிச்சிட்டேன்மா."

"அவ்ளோவுமா?"

"காத்தால ஒரு சொம்பு, பசிச்சா மத்தியானம் ஒரு சொம்பு. உப்புப் போட்டுத் தெனமும் குடிக்கிறதுதான். தண்ணிதானே அது."

அவள் புடவையைத் தூக்கிக் காட்டினாள். "தண்ணியா? அத்தே, அத ஊத்துனா பொடவ தகரம் மாரி நிக்குது. அது வயித்துக்குள்ள போனா மட்டும் தண்ணியா ஆயிடுமா?"

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. ஆனால் என் தப்பு என்ன? எங்கள் வீட்டில் கஞ்சியைச் சாப்பாடு என்று யாரும் சொன்னதே இல்லை. என் அம்மா விரதம் இருக்கிற நாளில் அதைத்தான் குடிப்பாள். தின்னக்கூடாததை எல்லாம் வரிசையாகச் சொன்ன மகன் குடிக்கக்கூடாததைச் சொல்லவில்லை. நாலு மாசம் சோற்றை ஒதுக்கிவிட்டுச் சோற்றின் சத்தைச் சொம்பு சொம்பாகக் குடித்திருக்கிறேன்.

மகன் வந்து கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தான். "இன்னாமா நீ! நாலு மாசமா எல்லாரையும் பேஜாரு பண்ணிட்டியே!"

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு எங்கிருந்தோ குரல் வந்தது. "நான் தெரியாம குடிச்சேன்டா. நீ தெரிஞ்சே துன்ற. உன் சட்டையத் தொவைக்கிறவளுக்குத் தெரியாதா, எந்தக் கடை சால்னான்னு?"

மகன் குனிந்து தன் சட்டையைப் பார்த்துக்கொண்டான். மருமகள் குழவியைத் தூக்கிக்கொண்டுபோய் அம்மிமேல் வைத்தாள். "அப்போ கஞ்சி குடிச்சவங்களுக்கும் பரோட்டா துன்னவருக்கும் சேத்து தெனம் ரெண்டு சமையல் ஆக்குன நாந்தான் லூஸு" என்றாள்.

அந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போனோம். பின்னால் அதே மாதிரி வரிசை நின்றது. ஆனால் இந்தத் தடவை கேட்காமல் எழுந்திருப்பதில்லை என்று இருந்தேன்.

"இது எத்தன நாளைக்குமா?"

"எதும்மா?" என்றார் டாக்டரம்மா.

"சோறு துன்னாம இருக்கறது."

"லைஃப் லாங், மேடம்" என்று மகன் முந்திக்கொண்டான். அவர் அவன் வயிற்றை ஒரு பார்வை பார்த்தார். "நீங்க எத்தனை நாள் இருந்தீங்க?"

"நாலு மாசம், மேடம்."

கஞ்சிக் கதையை மருமகள் சொன்னதும் டாக்டரம்மா சிரித்துவிட்டார். அது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, முதல் மாசத்தில் குறைந்ததில் நிறைய உடம்பிலிருந்த தண்ணீர், அதற்குப் பிறகு யாருக்கும் மெதுவாகத்தான் குறையும் என்றார். மாவுச்சத்தைக் குறைப்பது நல்லதுதான், ஆனால் அடியோடு விட்டவர்களில் நிறையப் பேர் கொஞ்ச நாளில் அலுத்துப்போய்ப் பழையபடி ஆகிவிடுகிறார்களாம். "ஆபரேஷனுக்கு அப்புறம் எடை திரும்ப ஏறினா புது மூட்டும் பாழாகும். ரெண்டு வருஷம் கழிச்சும் எதைச் சாப்பிட்டுட்டு இருக்க முடியும்னு உங்களுக்குத் தோணுதோ, அதைச் சாப்பிடுங்கம்மா. அளவா."

இதை முதல் நாளே சொல்லியிருக்கக்கூடாதா? நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரோ என்னவோ. அதை நினைத்தால் எனக்கு என்மேலேயே எரிச்சலாக வருகிறது.

இப்போது மத்தியானம் ஒரு கரண்டி சோறு, அதன்மேல் மீன் குழம்பு, தட்டு நிறையக் கீரையும் மீனும். காலையில் கீழ்வீட்டு இட்லி ஒன்று, முட்டை ஒன்று. டீயில் சர்க்கரை இல்லை. கஞ்சி புடவைக்குப் போய்விடுகிறது. மருமகளுக்கு ஒரே சமையல். எடை இறங்குகிறது, ஆனால் துறைமுக வரிசையில் லாரி நகர்கிற மாதிரி. நகர்ந்ததா இல்லையா என்று இறங்கிப் பார்த்தால்தான் தெரியும்.

ஆடி மாசம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிற ஞாயிற்றுக்கிழமை, யாரையும் கூப்பிடாமல் நான் கையில் சொம்போடு இறங்கினேன். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, இரண்டு இடத்தில் உட்கார்ந்து, தெருமுனைவரை போய்விட்டேன். கூழ் அண்டாவுக்குப் பக்கத்தில் இட்லிக்காரிதான் நின்றாள்.

"பார்றா, யக்கா எறங்கி வந்துகீது! குடு சொம்ப!" என்று வாங்கி விளிம்புவரை ஊற்றப் போனாள்.

"பாதி போதும்மா."

"இன்னாது?"

"பாதி."

வரிசையே திரும்பிப் பார்த்தது. முகம் சூடாகியது, ஆனாலும் சொம்பை நான் இழுத்துக்கொள்ளவில்லை.

"ஆத்தா கூழுக்கே அளவா யக்கா?"

"ஆத்தாளுக்கு முட்டி வலிக்காது. எனக்கு வலிக்குதே" என்றேன். அவள் ஓவென்று சிரித்து, பாதிச் சொம்போடு நிறுத்தி, கரண்டியில் இருந்த மிச்சத்தை அண்டாவிலேயே கவிழ்த்தாள்.

குடித்துவிட்டு ஏறினேன். இரண்டாவது மாடியில் உட்கார்ந்து மூச்சு வாங்கும்போது போன் அடித்தது. மகன், வரிசையிலிருந்து.

"யம்மா, புதுசா ஒண்ணு பாத்தேன். பதினாறு மணி நேரம் ஒண்ணுமே துன்னக்கூடாதாம், மீதி எட்டு மணி நேரத்துல..."

"நைனா, நான் படியில கீறேன்" என்று சொல்லி போனை மடியில் கவிழ்த்து வைத்தேன். அது என்னென்னவோ பேசிக்கொண்டே இருந்தது. எனக்கு இன்னும் பதினெட்டுப் படி பாக்கி இருந்தது, டாக்டரம்மா சொன்ன எட்டில் ஒன்றரைக் கிலோவும்.